அறுபது பேருக்கு முன்னால

எங்கட ஆக்களுக்கு ஒரு குணம் இருக்கு. மேடையில நிக்கிறவரை ஏற்கெனவே ரீவியில கண்டிருந்தால்தான் கை தட்டுவம். அவர் இந்தியாவில இருந்து வந்திருந்தால் எழும்பி நிண்டு தட்டுவம். பக்கத்து வீட்டுப் பெடியன் ஏறினால், சாப்பாடு எப்ப குடுப்பினம் எண்டு பின்பக்கம் திரும்பிப் பாப்பம். உதை எழுதினால் கொஞ்சப்பேர் கோவிப்பினம் எண்டு தெரியும். கோவியுங்கோ, ஆனால் கடைசி மட்டும் வாசிச்சுப்போட்டுக் கோவியுங்கோ.

போன மாசம் ஓபர்ஹவுசனில ஒரு சின்னக் கிளப்பில நடந்த மெற்றல் கொன்சேட்டுக்குப் போனன். "தலையைச் சுத்திச் சுத்திக் கத்துவாங்களே, உதுக்கோ போறியள்? உங்கட வயசென்ன?" எண்டு மனிசி கேட்டா. நாப்பத்திமூண்டு. வயசுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் எண்டு அங்க போனாப்பிறகு பாத்தால், எனக்கு முன்னால நிண்ட ரெண்டு பேருக்கு அறுபது தாண்டியிருக்கும்.

நான் வேலை செய்யிறது ஒரு இத்தாலியன் றெஸ்ரோறன்ரில. அங்க பின்னேரங்களில கோப்பை கழுவ வாற யேர்மன் பெடியன் ஒருத்தன், பகலில பொக்கும் யூனிவேர்சிற்றியில படிக்கிறான், இரவில எங்களோட வேர்க்கிறான். அவன் ஒரு பான்டில பேஸ் கிற்றார் வாசிக்கிறவன். மாப் பிசையிற மேசையில ஒரு கறுப்பு நோட்டீசைக் கொண்டுவந்து வைச்சான். நாலு பான்டின்ர பேர். எழுத்தெல்லாம் முள்ளுக்கம்பி மாதிரி, ஒண்டையும் வாசிக்கேலாது. "இதில எது உங்கட?" எண்டு கேட்டன். "மூண்டாவது. என்ர அம்மாவுக்கும் வாசிக்கேலாது" எண்டான்.

எங்கட கடைக்கு செவ்வாய்க்கிழமை லீவு. கொன்சேட்டும் செவ்வாய்க்கிழமை. வெள்ளியும் சனியும் பேர் எடுத்தவைக்குப் போயிடும். பேர் தெரியாத பான்டுகளுக்கும் சமையல்காரருக்கும் மிஞ்சுறது உந்த நாள்தான்.

அக்காவின்ர மூத்தவனையும் கூட்டிக்கொண்டு போனன். அவனுக்குப் பத்தொன்பது வயசு. அவனை ஏன் கூட்டிக்கொண்டு போனன் எண்டு பிறகு சொல்லுறன்.

உள்ளுக்குப் போக பத்து யூரோ. நாலு பான்டுக்கும் சேர்த்து. கையில ஒரு சீல் குத்தி விட்டினம். பக்கத்தில ஒரு சட்டிக்குள்ள காதுக்கு வைக்கிற மஞ்சள் பஞ்சு, சும்மா எடுக்கலாம். யேர்மனியில அதுக்கும் ஒரு டின் இலக்கம் இருக்கு, 15905. சனம் நிக்கிற இடத்தில சத்தம் அரை மணித்தியாலச் சராசரியில 99 டெசிபலைத் தாண்டக் கூடாது. எங்கட கலியாண மண்டபங்களில ஸ்பீக்கருக்குப் பக்கத்தில தொட்டிலோட பிள்ளையைக் கிடத்தி வைச்சிருக்கிறதைக் கண்டிருக்கிறன். மெற்றல்காரர் பொறுப்பில்லாத ஆக்கள் எண்டு நினைக்கிறவை உதையும் ஒருக்கால் யோசியுங்கோ.

கதவில "நாசிகளுக்கு இடமில்லை" எண்டு ஒரு ஸ்ரிக்கர். அதை நான் ரெண்டுதரம் வாசிச்சன், நிறத்தோட வாழுறவைக்கு விளங்கும். ஏனெண்டால் உந்த இசைக்கு ஒரு கெட்ட பக்கமும் இருக்கு, அதை மறைக்கத் தேவையில்லை. நோர்வேயில 1992இல பேர்கனுக்குப் பக்கத்தில ஃபான்ரொஃப்ற் எண்ட பழைய மரத் தேவாலயம் எரிஞ்சது. அதோட வேற தேவாலயங்களும் எரிஞ்சது. பிளாக் மெற்றல் கூட்டத்துக்குள்ள இருந்தவை அதுகளில கொஞ்சத்துக்கு மறியலுக்குப் போனவை. 1993இல ஒரு கிற்றார்காரனை இன்னொரு பான்டுக்காரன் குத்திக் கொண்டவன். இண்டைக்கும் இனவாதம் பாடுற சில பான்டுகள் ஓரமாய் இருக்கு. அதாலதான் மற்றவை கதவில ஸ்ரிக்கர் ஒட்டினம். உள்ளுக்கு நாங்கள் ரெண்டு பேரும்தான் கறுப்பு. ஆறடி உயரத்தில தாடிக்காரன் ஒருத்தன் திரும்பிப் பாத்தான், என்ர உயரத்தைப் பாத்தான், ஒரு பக்கம் விலகி முன்னால வா எண்டு கையைக் காட்டினான். அவ்வளவும்தான்.

எத்தினை தலை எண்டு எண்ணினன். சமையல்காரருக்கு அது தன்பாட்டில வரும். அறுபத்திரண்டு. அதில பன்னிரண்டு பதின்மூண்டு பேர் மற்ற பான்டுகளில வாசிக்கிறவை. ஒரு ட்றம்ஸ்காரன்ர தாய் பின்னுக்கு மேசை போட்டு ரீசேட் வித்துக்கொண்டிருந்தா.

இதுதான் எனக்கு முதல் விசயம். முதலாவது பான்ட் வாசிக்கேக்க மற்ற மூண்டு பான்டும் முன்னால வந்து நிண்டினம். அறைக்குள்ள இருந்து பியர் குடிச்சுக்கொண்டு தங்கட முறை வரட்டும் எண்டு இருக்கேல்லை. முதலாவது ஆக்கள் பதினேழு பதினெட்டு வயசுப் பெடியள், ஒரு பெட்டை ட்றம்ஸ். உண்மையைச் சொன்னால் திறமில்லை. ரெண்டாவது பாட்டில கிற்றார் நரம்பு அறுந்து போச்சுது. பெடியன்ர முகம் வெளிறினது எனக்கு மேடைக்குக் கீழ இருந்தே தெரிஞ்சது. அடுத்த பான்டின்ர கிற்றார்காரன் ஒண்டும் பேசாமல் தன்ர கிற்றாரைத் தூக்கிக் குடுத்தான். அது விலை கூடின சாமான், நான் அவனாய் இருந்தால் குடுத்திருப்பனோ தெரியாது. சனம் ஒரு சத்தமும் போடாமல் நிண்டது. பெடியன் திருப்பித் தொடங்கினான், முன்னால நிண்டவை தலையை ஆட்டத் தொடங்கிச்சினம்.

ட்றம்ஸ் செற்றும் ஒண்டுதான், நாலு பான்டும் அதில அடிக்கும். அவரவர் தன்ர ஸ்நேர், தாளத் தட்டுகள், கால் மெசின் மட்டும் கொண்டு வருவினம். இருபது நிமிசத்துக்குள்ள மாத்தி முடிக்க வேணும். ஒருத்தன் கழட்ட மற்றவன் பூட்டுவான், மூண்டாமவன் வயரைச் சுத்துவான். வெள்ளி இரவு எட்டரைக்கு எங்கட குசினி ஓடுற ஓட்டம் மாதிரி. பாத்துக்கொண்டு நிக்கவே எனக்கு ஒரு சந்தோசம்.

இசை எப்பிடி எண்டு கேப்பியள். முதல் பத்து நிமிசம் வயித்துக்குள்ள யாரோ நெல்லுக் குத்துற மாதிரி இருந்தது. ட்றம்ஸ்காரர் ரெண்டு காலாலயும் அடிக்கினம். பாடகர் பாடேல்லை, உறுமுறார். குரல் நாணுக்கு மேல இருக்கிற மடிப்பைப் பாவிச்சு அந்தச் சத்தம் எடுக்கிறதாம், சரியாய்ப் பழகாட்டில் தொண்டை போயிடும். அதுக்கு வாத்திமாரும் இருக்கினம். நாலாவது பான்டின்ர பாடகர் நாப்பது நிமிசம் உறுமிப்போட்டு இறங்கி வந்து, மெல்லிய குரலில "ஒரு தண்ணி தருவியளோ" எண்டு பாரில கேட்டார். எனக்கு ரெண்டாவது பான்ட் பிடிக்கேல்லை, ஒரே வேகம், எங்கயும் மூச்சு விட இடமில்லை. மூண்டாவது (எங்கட கோப்பை கழுவுற பெடியன்ர) மெதுவாய், பாரமாய், தேர் இழுக்கிற மாதிரி. அது பிடிச்சது. அவனிட்டச் சொன்னன், அடுத்த நாள் முழுக்க விசில் அடிச்சுக்கொண்டு கழுவினான்.

நடுவில நிண்டு ஒருத்தரை ஒருத்தர் இடிக்கிற விளையாட்டும் நடந்தது. தூரத்தில பாத்தால் அடிபாடு. கிட்டப் பாத்தால் ஒருத்தன் விழுந்த உடனே நாலு கை தூக்கிவிடுது. ஆற்றையோ ஒரு சப்பாத்து கழண்டு போக, ஒருத்தன் அதைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டான், சொந்தக்காரன் நொண்டிக்கொண்டு வந்து வாங்கும் மட்டும்.

இனி காசைப் பற்றிக் கதைப்பம். அறுபத்திரண்டு பேரில காசு குடுத்தவை நாப்பத்தைஞ்சு பேர் எண்டு வையுங்கோ. 450 யூரோ. சவுண்ட்காரருக்குக் குடுக்க வேணும், கேமாவுக்குக் குடுக்க வேணும், இடத்துக்குக் குடுக்க வேணும். மிச்சத்தை நாலாய்ப் பிரிச்சால் ஒரு பான்டுக்கு ஐம்பது யூரோ வந்தால் பெரிய விசயம். ஒரு பான்ட் காசெலில இருந்து வந்தது, போக வர முந்நூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல. பெற்றோல் காசு ரீசேட் வித்துத்தான் வரவேணும். அதாலதான் அந்தத் தாய் அந்த மேசையில இருந்தவ. ரீசேட் பதினைஞ்சு யூரோ. நானும் ஒண்டு வாங்கினன். எக்ஸ்எல். நெஞ்சில ஒரு மண்டையோடு, அதுக்குள்ள ஒரு மரம் முளைச்சிருக்கு. மனிசி அதை வீட்டுக்குள்ள மட்டும் போடச் சொல்லியிருக்கிறா. பான்டுகளுக்குச் சாப்பாடு ஒரு பெரிய பானையில இறைச்சி இல்லாத சில்லி. கோப்பை கழுவுறவன் எனக்கும் ஒரு கோப்பை கொண்டு வந்து தந்தான். உப்புக் காணாது.

இப்ப எங்கட பக்கத்துக்கு வாறன்.

நான் பதினேழு வருசமாய் இந்த நாட்டில. நட்சத்திர இரவு, இசை மழை, மெகா எண்டு எத்தினை நோட்டீஸ் கண்டிட்டன். முன்வரிசை 150 யூரோவுக்கும் போயிருக்கிறம். பாடகர் ரெண்டு மணித்தியாலம் பிந்தி வருவார், வந்து கசற்றில கேட்ட அதே பாட்டை கசற்றில கேட்ட அதே மாதிரிப் பாடுவார், நாங்கள் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு அதுக்குள்ளால பாப்பம். அதில பிழை இல்லை. ஊரை விட்டு வந்த சனத்துக்குத் தெரிஞ்ச பாட்டு ஒரு மருந்து, எனக்கும்தான். ஆனால் மருந்தையே மூண்டு நேரமும் சோறாய்ச் சாப்பிடேலுமோ?

என்ர மருமகன் தமிழில பாட்டு எழுதுறவன். இஞ்ச பிறந்தவன், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில பத்தாம் வகுப்பு மட்டும் படிச்சவன். கிற்றாரோட தானே மெட்டுப் போடுவான். ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒரு மண்டபத்தில எங்கட ஆக்களின்ர விழா, அறுநூறு பேர். பாடக் கேட்டான். நடத்தினவர் நல்ல மனுசன், கனிவாய்த்தான் சொன்னார்: "தம்பி, சனத்துக்குத் தெரிஞ்சதாய் ஒண்டு பாடுங்கோவன்." சினிமாப் பாட்டு ஒண்டு பாடினான். கை தட்டு விழுந்தது. வீட்டை வந்து கிற்றாரைப் பெட்டியில வைச்சவன் வைச்சவன்தான். அக்கா நிம்மதியாய் இருந்தா, படிப்பில கவனம் எண்டு. அதுதான் அவனைக் கூட்டிக்கொண்டு போனதின்ர காரணம்.

தமிழ் அழியப் போகுது, அடுத்த தலைமுறை தமிழில ஒண்டும் செய்யுதில்லை எண்டு மேடைக்கு மேடை கவலைப்படுறம். ஒருத்தன் செய்துகொண்டு வந்து நிண்டால், தெரிஞ்சதாய் ஒண்டு பாடு எண்டுறம். தெரியாததைக் கேக்க அறுபது பேர் இல்லாத இடத்தில புதுசாய் ஒரு பாட்டு எங்கயிருந்து வரும்? அரங்கேற்றத்துக்கு மண்டபம், சாப்பாடு, வீடியோ எண்டு ஆயிரக்கணக்கில செலவழிக்கிறம். பிள்ளை ஆறேழு வருசம் பழகி ஒரு நாள் ஏறுது. அடுத்த நாள் எங்க ஏறும்? அந்தப் பதினேழு வயசுப் பெடியள் ஒரு வருசத்தில ஆறேழு தரம் ஏறுறதாகச் சொன்னாங்கள். அறுபது பேருக்கு முன்னால, நாப்பது பேருக்கு முன்னால, ஒருக்கால் பதினொரு பேருக்கு முன்னால. நரம்பு அறுந்தால் என்ன செய்யிறது எண்டு அங்கதான் பழகிறது.

"உது வெள்ளைக்காரன்ர விளையாட்டு, எங்களுக்குச் சரிவராது" எண்டு ஒருத்தர் சொன்னார். ஊரில காத்தவராயன் கூத்து ஆர் ஆடினது? பகலில தோட்டம் கொத்தினவரும் மேசன் வேலைக்குப் போனவரும்தான் இரவில காத்தான், ஆரியமாலா. பேர் பெத்த ஆக்களில்லை. பாட்டு மறந்தால் பின்னால நிக்கிறவர் எடுத்துக் குடுப்பார். சனம் பாயும் தலகணியும் கொண்டுபோய் விடியுமட்டும் இருந்தது. நான் யாழ்ப்பாணம் கம்பசில படிக்கேக்க கைலாசபதி அரங்கில நாங்கள் நாடகம் போட்டனாங்கள், எங்கட சொந்த நாடகம், வந்து பாத்ததும் சக மாணவர்தான். 2006 ஆகஸ்ற்றில ஏ9 பாதை பூட்ட, படிப்பும் ரெண்டாம் வருசத்தோட நிண்டுபோச்சு. அந்த நாடகத்தில நடிச்ச ஆறு பேரில இப்ப உயிரோட இருக்கிறது நாலு பேர். எங்களுக்கு உது தெரியாத விளையாட்டில்லை. இஞ்ச வந்து மண்டபம் பெரிசாகப் பெரிசாக விட்டுப்போட்டம்.

மெற்றல் எண்டது முதலாளிமாற்ற வீட்டில பிறந்த இசையில்லை எண்டதும் எனக்கு அதில ஒரு பிடிப்பு. பிளாக் சபத் 1968இல பேர்மிங்காமில தொடங்கினது. கிற்றார்காரர் ரொனி ஐயோமி பதினேழு வயசில தகரம் வெட்டுற தொழிற்சாலையில வலது கை ரெண்டு விரலின்ர நுனியை மெசினுக்குக் குடுத்தவர். அவர் இடது கைக்காரர், நரம்பை அமத்துற கை வலது கை. பிளாஸ்ரிக் போத்திலை உருக்கித் தானே விரலுக்குத் தொப்பி செய்து போட்டுக்கொண்டு வாசிச்சவர். நோகாமல் வாசிக்க நரம்பைத் தளர்த்தினதும் அந்தப் பாரமான சத்தத்துக்கு ஒரு காரணம். என்ர இடது ஆள்காட்டி விரலின்ர நுனியும் ஹாம் சீவுற மெசினுக்குப் போனதுதான், வேற ஒரு கடையில, 2012இல. வாசிக்க எனக்குத்தான் ஒண்டும் தெரியாது.

நாங்கள் இருக்கிற இந்த றூர் பகுதியும் அப்பிடித்தான். கெல்சன்கேர்சனில தொடங்கின சொடொம் பான்டின்ர பாடகர் ரொம் ஏஞ்சல்றிப்பர் இளம் வயசில நிலக்கரிச் சுரங்கத்துக்குள்ள இறங்கினவர். எசெனின்ர அல்ரன்எசெனில இருந்து வந்தது கிறியேற்றர், முதல் தட்டு 1985. அதின்ர பாடகர் மில்லே பெற்றோட்சாவின்ர தகப்பன் இத்தாலியில இருந்து வந்தவர். அதே அல்ரன்எசெனில செக்கே கார்ல் எண்டு ஒரு பழைய சுரங்கக் கட்டடம் இருக்கு, சுரங்கம் பூட்டிக் கனகாலத்துக்குப் பிறகு கலாசார நிலையமாக்கின இடம். கிறியேற்றர் அங்கயும் வாசிச்சு வளந்தவை. பொற்றொப்பில கடைசிச் சுரங்கத்தையும் 2018 டிசம்பரில பூட்டிப்போட்டினம். பாட்டு நிக்கேல்லை. பெரிசைத்தான் பிடிக்கும் எண்டிறவைக்கு வாக்கனைச் சொல்லுறன். இப்ப எண்பத்தையாயிரம் சனம் போற திருவிழா, ரிக்கற் 300 யூரோவுக்கு மேல. 1990இல அந்தக் கிராமத்தில தொடங்கேக்க ஆறு பான்ட், எண்ணூறு பேர்.

சிங்கப்பூரில ருத்ரா எண்டு ஒரு பான்ட் 1992இல இருந்து இருக்கு. தமிழ் வழி வந்த ஆக்கள், சமஸ்கிருத சுலோகங்களையும் வேதாந்தத்தையும் வைச்சு மெற்றல் வாசிக்கினம். எங்கட ஆக்களில எத்தினை பேருக்குத் தெரியும்?

ஆயிரக்கணக்கில குடுத்து மண்டபம் எடுக்கச் சொல்லேல்லை. தமிழ்ப் பள்ளிக்கூடம் நடக்கிற வகுப்பறை, கோயிலுக்குப் பக்கத்து அறை, ஆற்றையும் கடை லீவு நாளில. அறுபது கதிரை, ஐஞ்சு யூரோ, ஒரே ஒரு சட்டம்: சினிமாப் பாட்டு இல்லை, தங்கட சொந்தம் மட்டும். கவிதையோ, கூத்தோ, உறுமலோ. பிரதம விருந்தினர் வேண்டாம், பொன்னாடை வேண்டாம். சாப்பாட்டுக்கு நான் பொறுப்பு, உப்புச் சரியாய் இருக்கும். மூண்டு பேரிட்டக் கேட்டிட்டன். ஒருத்தர் ஓம் எண்டார். ஒருத்தர் "ஆர் வருவினம்?" எண்டார். மற்றவர் பொன்னாடை இல்லாமல் எப்பிடி எண்டு யோசிக்கிறார்.

கொன்சேட் முடிய மருமகன் சவுண்ட்காரரிட்டப் போய் இஞ்ச ஏற என்ன செய்யவேணும் எண்டு கேட்டிருக்கிறான். ரெண்டு பாட்டு, கைத்தொலைபேசியில பதிஞ்சாலும் காணும், அனுப்பு எண்டாராம். எந்த மொழி எண்டு அவர் கேக்கவே இல்லையாம். இப்ப வகுப்பில கூடப் படிக்கிற ரெண்டு பேரோட சேர்ந்து, யுத்த காலத்துப் பங்கர் ஒண்டுக்குள்ள பழகிற அறை பகிர்ந்து எடுத்திருக்கினம். ஒரு துருக்கிப் பெடியன், ஒரு போலிஷ் பெட்டை. பாட்டு தமிழில.

அக்கா போன் எடுத்து ஒரு மணித்தியாலம் பேசினா. "உன்னாலதான் அவன் இரவிரவாய்ப் பங்கருக்குள்ள கிடக்கிறான். பங்கருக்குள்ள இருக்க வேண்டாம் எண்டுதானேடா இஞ்ச வந்தனாங்கள்." அதுக்கு எனக்கு மறுமொழி வரேல்லை. பிறகு கேட்டா, "தமிழிலயோ பாடுறான்?" ஓம் எண்டன். "என்னத்தைப் பற்றி?" அம்மம்மாவைப் பற்றி ஒண்டு இருக்கு எண்டன். கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்லை. போனை வைச்சிட்டா.

அவங்களுக்கு ட்றம்ஸ்காரர் இல்லை. எசென், பொக்கும், ஓபர்ஹவுசன் பக்கம் அடிக்கத் தெரிஞ்ச பெடியனோ பெட்டையோ இருந்தால் எனக்குச் சொல்லுங்கோ. மிருதங்கம் பழகினவை எண்டாலும் பரவாயில்லையாம். செவ்வாய்க்கிழமை எண்டால் நான் வீட்டில நிப்பன்.